சோளக்காட்டுச் சந்தையும் சேராங்கொட்டையும்

போன வருஷம் கொல்லிமலை போயிருந்தோம். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறி சோளக்காட்டுல இறங்கும்போது வயிறு ஒரு வழியாகியிருந்தது :-) சந்தையில் அன்னாசி, பலா, மலை வாழைப்பழம், மிளகு, ஆட்டுக்கால் மாதிரியே முடி முளைச்ச முடவாட்டுக்கால் கிழங்கு. எல்லாரும் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போவாங்க. நான் போனது பையனோட முழங்கை மடிப்புக்காக.

அவனுக்கு எக்ஸிமா. நம்ம பாட்டிங்க பாஷையில கரப்பான். ராத்திரி முழுக்க சொறிஞ்சு, காலையில படுக்கை விரிப்புல ரத்தப் பொட்டு இருக்கும். இது சித்தர்கள் இருந்த மலை, மூலிகைக்குப் பேர் போன மலை. இங்கே மருந்து இல்லாம வேற எங்கே கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை.

முதல் வேடிக்கை ஊர்ப் பெயரிலேயே இருக்கு. சித்த மருத்துவத்துல கரப்பானுக்குப் பத்தியம் சொல்லும்போது தள்ளச் சொல்ற பட்டியலில் கத்தரிக்காய், கருவாடு, கம்பு, வரகோடு சோளமும் வரும். சோளம் ஆகாத நோய்க்கு மருந்து தேடி நான் போனது சோளக்காட்டுக்கு!

மூலிகை விற்கிற ஒரு ஆயாகிட்ட, "சேராங்கொட்டை இருக்குங்களா?"ன்னு கேட்டேன். கரப்பானுக்கு அது கைகண்ட மருந்துன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. ஆயா என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "எதுக்கு தம்பி?"ன்னாங்க. சொன்னேன். "புள்ளைக்கா? பச்சையாப் பூசுனா வெந்து போயிரும். சுத்தி பண்ணத் தெரியுமா? தெரியாதுன்னா வேண்டாம், போ"ன்னு சொல்லிட்டாங்க. கடைசி வரை தரவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் வீட்டுக்கு வந்து சேராங்கொட்டையோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். ஆயாவுக்குக் கும்பிடு போடணும்னு தோணுச்சு.

சேராங்கொட்டை மா, முந்திரி குடும்பத்து மரம். கொட்டைத் தோட்டில் இருக்கிற கறுப்பு எண்ணெய் துணியில் பட்டால் போகவே போகாது. அதனால சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட அதைத்தான் பயன்படுத்தினாங்க. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தோலில் திட்டுத் திட்டாக அரிப்பும் கொப்புளமும் வந்தது. சட்டையிலும் கால்சட்டையிலும் குறி போட்ட இடம் உடம்பில் எங்கே உரசுதோ, சரியா அங்கே. காரணம் சேராங்கொட்டை மைதான்னு அமெரிக்க ராணுவ டாக்டர்கள் 1943ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினாங்க. 'டோபி மார்க் டெர்மடைட்டிஸ்'னு அதுக்குப் பேரும் வெச்சாங்க. அதாவது, எக்ஸிமாவுக்கு மருந்துன்னு நான் தேடிப் போன கொட்டையே எக்ஸிமாவைக் கொண்டு வரும்.

அப்போ நம்ம வைத்தியர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவங்க அதை அப்படியே கொடுத்ததே கிடையாது. கொட்டையின் மூக்கை அரிஞ்சு, எண்ணெயின் வேகத்தைக் குறைச்சுட்டுத்தான் மருந்தில் சேர்ப்பாங்க. ஆயுர்வேதத்தில் செங்கல் தூளில் போட்டுத் தேய்ச்சு எண்ணெயை உறிஞ்ச வைப்பாங்க. இதுக்குப் பேர்தான் சுத்தி. இந்திய அரசின் மருந்து விதிகளில் இ(1) அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. ஆயுர்வேத, சித்த, யுனானி நச்சுச் சரக்குகளின் பட்டியல். எட்டி, குன்றி, நேர்வாளத்தோடு சேராங்கொட்டையும் அதில் இருக்கு. வைத்தியர் மேற்பார்வையில்தான் சாப்பிடணும்னு சீட்டில் எச்சரிக்கை போட்டாகணும்.

இன்னொரு உதாரணம் பறங்கிப்பட்டை. கரப்பானுக்கு சித்த வைத்தியர்கள் இன்னைக்கும் கொடுக்கிற சூரணம். பேர்லயே பறங்கி இருக்கே, கவனிச்சீங்களா? அது சீனத்துக் கிழங்கு. கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1563ல் அச்சிட்ட புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கார். ஆக, 'ஆதிகாலத்து மருந்து' எல்லாம் ஆதிகாலத்துது இல்லை. கடல் தாண்டி வந்த சரக்கையும் நம்ம ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. ஆனா அதையும் பாலில் பிட்டவிச்சு சுத்தி பண்ணிட்டுத்தான் சேர்த்தாங்க.

எனக்குப் புரிஞ்சது இதுதான். 'இயற்கைன்னா பக்கவிளைவு கிடையாது'ங்கிறது நம்ம பாரம்பரியம் சொன்னது இல்லை. அது விளம்பரம் சொன்னது. பாரம்பரியம் சொன்னது சுத்தி, அளவு, பத்தியம். நாம மூலிகையை மட்டும் வெச்சுக்கிட்டு மத்த மூணையும் தொலைச்சுட்டோம்.

நானும் தொலைச்சவன்தான். மலைக்குப் போறதுக்கு முன்னாடி வேறொரு ஊரில் 'சுத்தமான மூலிகை'ன்னு பேர் சீட்டே இல்லாத ஒரு டப்பா களிம்பு வாங்கித் தடவினேன். மூணே நாளில் மாயமாப் போச்சு! நிறுத்தின பத்தாம் நாள் இரண்டு மடங்கா திரும்பி வந்தது. தோல் டாக்டர் டப்பாவைப் பார்த்துட்டு, "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படுறேன்"னார். நம்பாம இருக்க முடியலை. லண்டனில் 1999ல் எக்ஸிமாவுக்கு விற்ற 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதிச்சப்ப, 8ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. குழந்தைகளுக்கும் தடவியிருக்காங்க.

ஸ்டீராய்டு வில்லன்னு சொல்ல வரலை. 1952ல் நியூயார்க்கின் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் எக்ஸிமாக்காரங்க பல பேர் நிம்மதியா தூங்கினாங்க. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட்டால் அது மருந்து. தெரியாம மாசக்கணக்கில் தடவினால் தோல் மெலிஞ்சு போகும். இங்கேயும் அதே கதைதான்: அளவு.

அப்போ பாட்டி வைத்தியத்தில் எதுவுமே தேறாதா? தேறும். 2006ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருந்த குழு, எக்ஸிமாக்காரர்கள் பலருக்கு ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்துக்கான மரபணுவில் குறை இருப்பதைக் கண்டுபிடிச்சது. அந்தப் புரதம் தோலுக்கு வேலி மாதிரி. வேலியில் ஓட்டை விழுந்தா ஈரம் வெளியே போகும், அரிப்பைத் தூண்டுறது உள்ளே வரும். அதனால குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவுறது சும்மா இல்லை. 2014ல் பிலிப்பைன்ஸ் டாக்டர்கள் 117 குழந்தைகளிடம் 8 வாரம் சோதிச்சதில், மினரல் ஆயிலைவிட சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லா வேலை செஞ்சது. ஆனா தண்ணி வடியற புண்ணில் எந்த எண்ணெயும், எந்தப் பச்சிலையும் வேண்டாம். நேரா டாக்டர்தான்.

இப்போ வீட்டில் நடக்கிறது: வெதுவெதுப்பான தண்ணியில் சீக்கிரக் குளியல், உடனே தேங்காய் எண்ணெய், பருத்திச் சட்டை, வெட்டின நகம், கிளம்பி வரும்போது டாக்டர் எழுதிய களிம்பு மட்டும். கரப்பான் போயிடலை. ஆனா படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டு இல்லை.

அந்தக் கொட்டையை எனக்கு விற்றிருந்தா ஆயாவுக்குக் கொஞ்சம் காசு கிடைச்சிருக்கும். விற்காததுதான் அவங்க பார்த்த வைத்தியம்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. யாராவது சேராங்கொட்டை தேடி மலை ஏறினா, அன்னாசி மட்டும் வாங்கிட்டு இறங்கிடுங்க :-)