காசாபிளாங்காவில் அழுதவர்கள்

‘காசாபிளாங்கா’ (1942) திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் இறுதிக் காட்சியையே சொல்வர். பனிமூட்டம் படிந்த விமான நிலையம், மழையங்கி அணிந்த ஹம்பிரி போகார்ட், கண்கலங்கி நிற்கும் இன்கிரிட் பேர்க்மன். காதலைத் துறந்து கடமையைத் தேர்ந்த ஒருவனின் கதையாகவே அது உலகின் நினைவில் தங்கிவிட்டது. ஆனால் நாடுவிட்டு நாடு வந்த எம்மவர் ஒருவர் இப்படத்தைப் பார்க்க நேர்ந்தால், அவர் மனதில் நிற்கப்போவது வேறொரு காட்சி. அதில் கதாநாயகன் செய்வது ஒரு சிறு தலையசைப்பு மாத்திரமே.

1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்த பின், நாசிகளிடமிருந்து தப்ப முயன்றோர் தேடிய பாதைகளில் ஒன்று மார்செய், ஒறான், காசாபிளாங்கா, லிஸ்பன், பின் அமெரிக்கா என்று நீண்டது. படத்தின் தொடக்கத்தில் வரைபடத்தின் மீது ஓடும் கோடு இந்தப் பாதையைத்தான் காட்டுகின்றது. 1980களின் நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கே ரயிலேறி மேற்கு பேர்லினில் இறங்கிய எங்கள் மூத்தவர்களுக்கு அந்தக் கோட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காட்சி இதுதான். றிக்கின் மதுச்சாலையில் ஜேர்மன் அதிகாரிகள் பியானோவைச் சூழ நின்று தங்கள் தேசபக்திப் பாடலை உரத்துப் பாடுகின்றனர். மற்றவர்கள் வாய்மூடி இருக்கின்றனர். நாசிகளின் முகாமிலிருந்து தப்பிவந்த லாஸ்லோ வாத்தியக்காரர்களிடம் சென்று பிரெஞ்சுத் தேசியகீதத்தை வாசிக்கச் சொல்கிறான். அவர்கள் முதலாளியான றிக்கைப் பார்க்கிறார்கள். றிக் தலையசைக்கிறான். மதுச்சாலை முழுவதும் எழுந்து பாட, ஜேர்மன் குரல்கள் அடங்கிப்போகின்றன. சற்றுமுன் ஒரு ஜேர்மன் அதிகாரியின் கைபிடித்து உள்ளே வந்த இவோன் என்ற பெண்ணின் முகத்தைக் கமரா நெருங்குகிறது. அவள் கண்ணீர் வழியப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கண்ணீர் நடிப்பு மட்டுமல்ல. மதுச்சாலையின் வாயிற்காவலராக நடித்த டான் சீமோர், அக்காட்சி படமாகும்போது நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள் என்றும், அவர்கள் உண்மையான அகதிகள் என்பது அப்போதுதான் தனக்கு உறைத்தது என்றும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர்கள் யார்? திரையில் பெயர் போடப்பட்ட 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூவர் மட்டுமே. இயக்குனர் மைக்கேல் கேர்ட்டிஸ் ஹங்கேரியர். இசையமைத்த மக்ஸ் ஸ்ரைனர் வியன்னாவில் பிறந்தவர். கதையின் விதையும் வியன்னாவிலிருந்தே வந்தது. 1938இல் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்கிய பின், அங்கிருந்த யூத உறவினர்களுக்கு உதவப்போன அமெரிக்க ஆசிரியர் மரே பேர்னெற் தான் கண்டவற்றை மனதில் வைத்து, ஜோன் அலிசனுடன் சேர்ந்து ஒரு நாடகம் எழுதினார். மேடையேறாத அந்த நாடகத்தையே வோனர் பிறதர்ஸ் நிறுவனம் வாங்கிப் படமாக்கியது.

இவோனாக அழுத மடலைன் லெபோவுக்கு அப்போது வயது 19. அவரும் கணவர் மார்செல் டாலியோவும் 1940இல் பாரிசை விட்டு ஓடி லிஸ்பனை அடைந்தனர். அங்கே பெற்ற சிலி நாட்டு வீசாக்கள் போலியானவை என்பது மெக்சிக்கோவில்தான் தெரியவந்தது. கனடா கொடுத்த தற்காலிகக் கடவுச்சீட்டுகளோடுதான் அவர்களால் அமெரிக்காவுக்குள் நுழைய முடிந்தது. ஏஜென்சிக்காரன் தந்த புத்தகத்தோடு இடைவழியில் சிக்கிநின்ற எவருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

டாலியோ பிரான்சில் பேர்பெற்ற நடிகர். ழான் ரெனுவாரின் ‘லா கிரான்ட் இல்லூசியோன்’ (1937) படத்தில் முக்கிய பாத்திரம் ஏற்றவர். முதலாம் உலகப்போரின் ஜேர்மன் சிறைமுகாமொன்றில் பிரெஞ்சுக் கைதிகள் நாடகம் போடும்போது, கோட்டையொன்று மீட்கப்பட்ட செய்தி வர, எல்லோரும் எழுந்து அதே தேசியகீதத்தைப் பாடும் புகழ்பெற்ற காட்சி அப்படத்திலும் உண்டு. ஐந்து வருடங்களுக்குப் பின் ஹொலிவூட்டில் அதே கீதம் பாடப்பட்டபோது டாலியோ சூதாட்ட மேசையைக் கவனிக்கும் ஊழியர். திரையில் அவர் பெயர்கூட இல்லை. அதேவேளை, ஆக்கிரமிக்கப்பட்ட பாரிசில் நாசிகள் அவருடைய முகத்தைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு, யூதனை அடையாளம் காண்பது எப்படி என்று மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தனர். அவருடைய பெற்றோர் வதைமுகாமில் மாண்டனர்.

பரிசாரகர் கார்லாக வந்து எல்லோரையும் சிரிக்கவைத்த எஸ்.இசட். சகால் புடாபெஸ்ற் யூதர். அவருடைய சகோதரிகளும் முகாம்களில் மடிந்தார்கள். பணமில்லாத இளம் பல்கேரியக் கணவனாக நடித்த ஹெல்முட் டன்ரைன் வியன்னாவில் சிறைமுகாமில் இருந்தவர். கொடிய நாசி மேஜராக நடித்த கொன்ராட் ஃபைற், யூத மனைவியோடு 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். நாசிகளிடமிருந்து தப்பிவந்தவர்களுக்கு, அவர்களுடைய ஜேர்மன் உச்சரிப்புக்காகவே, ஹொலிவூட்டில் நாசி வேடங்கள் கிடைத்தன. அக்காலத்தில் கலிபோர்னியாவில் ஜேர்மன் பிரஜைகள் எதிரிநாட்டவராகக் கணிக்கப்பட்டு, இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டைவிட்டு வெளியேறத் தடையும் இருந்தது.

பத்து வருடங்களாக றெஸ்ரோறன் சமையலறையில் நிற்பவன் என்ற முறையில் எனக்கு மிக நெருக்கமானது கார்ல் சொல்லும் ஒரு பதில். முதலாளியைத் தன் மேசைக்கு அழைக்க விரும்பும் வாடிக்கையாளர், தான் அம்ஸ்ரடாமின் இரண்டாவது பெரிய வங்கியை நடத்தியவன் என்று பெருமை பேசுகிறார். முதலாவது வங்கிக்காரர் இப்போது எங்கள் குசினியில் கேக் செய்கிறார், அவருடைய தகப்பன் பெட்டி தூக்குகிறார் என்கிறார் கார்ல். எங்கள் குசினிகளில் கோப்பை கழுவிய கணித ஆசிரியரையும், வெங்காயம் உரித்த கிராம சேவகரையும், மூன்றாம் வருடத்தோடு கம்பஸை விட்டுவந்த என்னைப் போன்றோரையும் தெரிந்தவர்களுக்கு இது வெறும் பகிடி அல்ல. அமெரிக்கா புறப்படும் முதிய தம்பதியர் கடிகாரத்தைப் பார்த்துப் பிழையான ஆங்கிலத்தில் நேரம் கேட்டுச் சொல்லிப் பழகும் காட்சியும் அவ்வாறே. அந்த மனைவியாக நடித்த இல்கா குறூனிங், பேர்லினில் நடிப்புப் பள்ளி நடத்தியவர். பிறருக்கு மேடைப் பேச்சைக் கற்பித்தவர், கொச்சை ஆங்கிலம் பேசும் பாத்திரத்தில் அமெரிக்கரைச் சிரிக்கவைத்தார்.

1944இல் சிறந்த படத்துக்கான விருது உட்பட மூன்று ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. ஆனால் இந்தப் படம் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த விதம் அதிகம் பேசப்படுவதில்லை. 1952இல் மேற்கு ஜேர்மனியில் ஜேர்மன் மொழியில் திரையிடப்பட்டபோது ஏறத்தாழ 25 நிமிடங்கள் வெட்டப்பட்டிருந்தன. நாசி மேஜர் முற்றாகக் காணாமற்போனார். லாஸ்லோ என்ற போராளி, ஏதோ கதிர்களைக் கண்டுபிடித்த லார்சன் என்ற நோர்வே விஞ்ஞானியாக மாற்றப்பட்டார். தேசியகீதக் காட்சி இல்லை, ஆகவே இவோனின் அழுகையும் இல்லை. காதல் மட்டும் மிஞ்சியது. முழுப்படம் புதிய குரல்பதிவோடு ஜேர்மன் தொலைக்காட்சியில் வந்தது 1975இல்தான்.

இதிலே சிந்திக்க வேண்டியது ஒன்று இருக்கின்றது. அந்த 25 நிமிடங்களை வெட்டிய பின்னும் படம் ஓடியது. பார்த்தவர்களுக்கு எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை. விரட்டியவன் யார் என்பதை அகற்றிவிட்டால், விரட்டப்பட்டவன் ஏதோ வேலையாக ஊருக்கு ஊர் போகிறவனாகிவிடுகிறான். எங்களைப் பற்றியும் இத்தகைய வெட்டிய பிரதிகள் பல உலவுகின்றன. பிழைப்புக்காக வந்தவர்கள் என்று வெளிநாட்டார் வைத்திருக்கும் பிரதி ஒன்று. எமக்கு வசதியில்லாத பக்கங்களை நீக்கி நாமே வைத்திருக்கும் பிரதி இன்னொன்று.

படத்தில் சில விநாடிகள் பிக்பொக்கற்காரனாக வந்துபோன கேர்ட் போய்ஸ், பேர்லினில் சிறுவயதிலேயே மேடையேறிய யூத நடிகர். திரையில் பெயர் போடப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1950இல் ஜேர்மனிக்குத் திரும்பினார். விம் வெண்டர்ஸின் ‘பேர்லினுக்கு மேலுள்ள வானம்’ (1987) படத்தில், ஒருகாலத்தில் பரபரப்பாக இருந்த போற்ஸ்டாமர் சதுக்கத்தைத் தேடிக்கொண்டு வெற்று நிலத்தில் தடுமாறி நடக்கும் கிழவர் அவர்தான். 1991இல் பேர்லினிலேயே காலமானார். லெபோ 2016இல் மறைந்தபோது, பெயர் போடப்பட்டிருந்த நடிகர்களில் கடைசியானவரும் போய்விட்டார். அன்று அழுதவர்களின் பெயர்களும் பாதைகளும் இன்று எமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களில் சிலரும் அருகில் நின்ற சிலரும் அவற்றைச் சொல்லிவைத்ததும், கேட்டவர்கள் எழுதிவைத்ததும்தான். எங்கள் குசினிகளிலும் பழைய ஆட்கள் வேலையிலிருந்து ஓய்வுபெறத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் கேட்க இன்னும் நேரமிருக்கின்றது.