ஒரு பரோன், நாலு பெயர், கொஞ்சம் எக்ஸ்எம்எல்

தினமும் ஆபீசில் எக்ஸ்எம்எல்லோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஆவணக் காப்பகக்காரர்களும் அதே கோப்போடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு அல்ப சந்தோஷம் :-)

காப்பகங்களில் 'அத்தாரிட்டி ரெக்கார்டு' என்று ஒன்று உண்டு. அது கடிதத்தைப் பற்றியது இல்லை, கடிதம் எழுதிய ஆளைப் பற்றியது. அவர் யார், எப்போது வாழ்ந்தார், என்னென்ன பெயரில் இருந்தார், அவருடைய தாள்கள் எங்கெங்கே கிடக்கின்றன எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்குப் பதில் ஒரு அலுவலகமோ குடும்பமோ ஆனாலும் இதே கதைதான்.

இதை எதுக்குத் தனியா வைக்கணும்? ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபொன் முல்லரை எடுத்துக்குங்க. 1825-ல் ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் பிறந்தவர். 1847-ல் ஆஸ்திரேலியா போனார். அங்கே அவர் பெயரில் 'யு' மேல் இருந்த இரண்டு புள்ளிகள் போய், பக்கத்தில் ஒரு 'ஈ' வந்து உட்கார்ந்தது. 1867-ல் 'ஃபொன்' சேர்ந்தது. 1871-ல் பரோன் ஆனார். வேலையும் அப்படித்தான்: 1853 முதல் 1896-ல் சாகும்வரை விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளர், நடுவில் 1857 முதல் 1873 வரை மெல்போர்ன் தாவரவியல் பூங்காவுக்கும் இயக்குநர். ஒரே ஆள்தான், ஆனால் 1855-ம் வருஷக் கடிதத்தில் 'பரோன்' என்று தேடினால் கிடைக்கமாட்டார்.

அரசு அலுவலகங்கள் இன்னும் மோசம். துறைகள் பெயர் மாறும், உடையும், சேரும். கோப்புகள் மட்டும் கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியக் காமன்வெல்த் காப்பகத்தில் இருந்த பீட்டர் ஸ்காட் 1966-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஆவணத்தின் விவரத்தைத் தனியா வை, உருவாக்கியவரின் விவரத்தைத் தனியா வை, இரண்டையும் இணை. நம்ம ஊர் டேட்டாபேஸ் ஆசாமிகளுக்கு உடனே புரியுமே!

உலகக் காப்பகக் கவுன்சில் இப்படிப்பட்ட ரெக்கார்டுகளுக்கு 1996-ல் ஒரு தரம் வகுத்து, 2004-ல் திருத்தியது. அதை எக்ஸ்எம்எல்லில் எழுதும் முறைதான் ஈஏசி-சிபிஎஃப். 2004-ல் சோதனை வடிவம், 2010-ல் முழு வடிவம். அடையாளம், வரலாறு, உறவுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டிகள்.

இதை வலைப்பக்கமாக்குவது பார்க்க ரொம்ப ஈஸி. 1999-ல் வந்த எக்ஸ்எஸ்எல்டியில் ஒரு சின்ன வார்ப்புரு போதும். பெயர் தலைப்பாகும், வரலாறு பத்தியாகும், உறவு சுட்டியாகும்.

சிக்கல் எங்கே என்றால், எதை விடுவது என்பதில். 'இன்ன வருஷத்துக்கு முன் இல்லை, இன்ன வருஷத்துக்குப் பின் இல்லை' என்று ஒரு தேதியைச் சந்தேகத்தோடு குறிக்க அந்தக் கோப்பில் இடம் உண்டு. பக்கம் அழகா இருக்கணும் என்று நிரல் எழுதுகிறவர் முதல் வருஷத்தை மட்டும் எடுத்துப் போட்டால், காப்பகக்காரர் கவனமா எழுதிவைத்த சந்தேகம் ஒரே நொடியில் உறுதியான வரலாறாகிவிடும்! படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதே மாதிரி, மாற்றுப் பெயர்களை விட்டால் பழைய கடிதத்தோடு தேடி வருகிறவர் வெறுங்கையோடு போவார். 'தகவல் எங்கிருந்து வந்தது' என்ற பகுதியை விட்டால் சரிபார்க்க வழியே இல்லை.

மெல்போர்னில் 1985-ல் தொடங்கிய ஆஸ்திரேலிய அறிவியல் காப்பகத் திட்டத்தினர் 1994-லேயே 'பிரைட் ஸ்பார்க்ஸ்' என்று விஞ்ஞானிகளை வலையில் ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். வாழ்க்கைக் குறிப்பு, தாள்கள் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்ற விவரம், அவ்வளவுதான். தேடுகிறவருக்கு வேண்டியதும் அதுதானே?

இன்னொரு பாடம் சமீபத்தில் வந்தது. சிலர் எக்ஸ்எம்எல்லை அப்படியே அனுப்பி, உலாவியே பக்கமாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். 2025-ல் குரோம் அணியினர் உலாவியில் எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். முன்கூட்டியே சாதா எச்டிஎம்எல்லாக மாற்றி வைத்தவர்களுக்கு இதனால் ஒரு கவலையும் இல்லை.

ஆக, இந்த மாதிரி நிரல் எழுத உட்காருகிற மக்களுக்கு என் சிபாரிசு: எல்லாப் பெயர்களையும் வெறும் எழுத்தாகவே பக்கத்தில் போடுங்க. 'சுமார்' என்று இருந்தால் 'சுமார்' என்றே காட்டுங்க. கடைசி வரியில் மூலத்தையும் மூல எக்ஸ்எம்எல்லுக்கு ஒரு சுட்டியையும் கொடுங்க. நாலு வரி நிரல்தான் கூடும்.