ஜிமேட்டின் மொழித்தாள்: ஒரு பழைய கதை

1954 என்றால் நம் புதுவைக்காரர்களுக்கு நவம்பர் 1 தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு தேர்வு முதன்முறையாக நடந்தது. இன்று எம்.பி.ஏ. படிக்க வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் எழுதும் ஜிமேட் அதுதான். பெயர் அப்போது வேறு. ஜிமேட் என்ற பெயர் 1976இல்தான் வந்தது.

1953இல் ஹார்வர்டு, கொலம்பியா, சிகாகோ உட்பட ஒன்பது கல்வி நிலையங்கள் சேர்ந்து, பிரின்ஸ்டனில் இருந்த இ.டி.எஸ். நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்த தேர்வு இது. பொறியியல் படித்தவனும் வருவான், இலக்கியம் படித்தவனும் வருவான். எல்லோரையும் அளக்க ஒரே படி வேண்டும் அல்லவா? அந்தப் படிக்குக் கணக்கு ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கில் பயமில்லை. வழுக்குவது மொழியில்தான்.

என் அக்காவின் பேத்தி சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். மூன்று முறை எழுதிவிட்டாள். கணக்கில் ஒவ்வொரு முறையும் ஏறுகிறது, மொழித்தாள் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டணம், லீவு, வீட்டில் கல்யாணப் பேச்சு. "இன்னும் ஒரு வருஷம்தான் தாத்தா, அதற்கு மேல் அப்பா பொறுக்க மாட்டார்" என்றாள்.

அவள் மேசையில் கடினமான ஆங்கிலச் சொற்களின் அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அது ஜி.ஆர்.இ. என்ற வேறொரு தேர்வின் வாசனை. அங்கே 2011 வரை எதிர்ச்சொல் கேட்டார்கள். சொல்வளம் இன்றும் அங்கே முக்கியம். ஜிமேட்டில் வாக்கியமும் வாதமும்தான் பல பத்தாண்டுகள் ஆளை அடித்தன.

வாக்கியத் திருத்தம் என்று ஒரு பகுதி பல பத்தாண்டுகள் இருந்தது. ஐந்து விடைகள், முதல் விடை கொடுத்த வாக்கியமே, மாற்றமில்லாமல். "கடற்கரைச் சாலையில் நடக்கும்போது காந்தி சிலை தெரிந்தது" என்று நாம் சொன்னால் தமிழில் குறையில்லை. நடந்தது நாம் என்று எல்லோருக்கும் தெரியும். இதையே வினையெச்சம் போல் ஆங்கிலத்தில் முன்னால் வைத்து எழுதினால், இலக்கணப்படி நடந்தது சிலை! பிரெஞ்சிலும் ஏறக்குறைய இதே விதி. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "யார் நடந்தது?" என்று ஓரத்தில் எழுதுவார். ஆங்கிலம் எனக்கு மூன்றாவதாக வந்த மொழி. ஆபீசில் கோப்பு எழுதியே கற்றேன். ஆனால் அந்த ஒரு கேள்வி ஆங்கிலத்திலும் கைகொடுத்தது.

இந்தப் பகுதியை 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் எடுத்துவிட்டார்கள். 2024 ஜனவரியோடு பழைய தேர்வும் நின்றது. ஆனால் பழைய புத்தகங்கள் நிற்கவில்லை! பேத்தியிடம் இருந்த இரண்டு தடிப் புத்தகங்களில் பெரும்பகுதி இந்த வாக்கியத் திருத்தம்தான். பேரப்பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம் வாங்கித்தரும் தாத்தாக்கள் பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது மொழித்தாளில் 45 நிமிடம், 23 கேள்விகள். பத்தி படித்தல், வாதத்தை ஆராய்தல், இவ்வளவுதான். இரண்டாவதுதான் அவளுக்கு முள். ஒரு மாதிரி சொல்கிறேன். நேரு வீதியில் ஒரு மாதம் வண்டிகளைத் தடுத்தார்கள், கடைகளில் விற்பனை கூடியது, ஆகவே தடைதான் காரணம் என்று ஒருவர் வாதாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்? "அந்த மாதம் தீபாவளி" என்பது விடை. "வண்டி குறைந்தால் புகை குறையும்" என்றும் ஒரு விடை இருக்கும். அது உண்மைதான், கேள்விக்குச் சம்பந்தமில்லை. உண்மையாக இருக்கிறதே என்று அதைத் தொடுகிறவர்கள் ஏராளம். பேத்தியும் அப்படித்தான். தவறிய கேள்விகளை எடுத்து வைத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் இந்த வகை.

எங்கள் காலத்தில் பிரெஞ்சு வகுப்பில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எதைச் சொல்லவில்லை என்று வரிவரியாகப் பிரிக்கச் சொல்வார்கள். 'எக்ஸ்ப்ளிகசியோன் த தெக்ஸ்த்' என்று பெயர். எங்களுக்கு அது வேப்பெண்ணெய். அதையே அவளுக்குக் கொடுத்தேன். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, வாதத்தின் முடிவு என்ன, ஆதாரம் என்ன என்று தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகுதான் கையை எடுக்கலாம். ஆங்கிலப் பரீட்சைக்குத் தமிழில் எழுதுவதா என்று அவள் அப்பாவுக்குக் கேலி. எழுதட்டும். தமிழில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

முதல் வாரம் ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆனது. இப்போது இரண்டரைக்கு வந்திருக்கிறாள். தேர்வு கொடுப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஞாயிறுதோறும் போனில் பத்துக் கேள்விகள் பார்க்கிறோம்.