மீண்டும் திறந்த மரபணு

பெண் குழந்தைகளையே பெரிதும் தாக்கும் ரெற் நோய், மழலையின் பேச்சையும் கைத்திறனையும் பறித்துவிடுவது. எம்.ஈ.சி.பி.2 என்னும் மரபணுவின் பழுதே காரணமென 1999 இல் அறியப்பட்டது. 2007 இல் எடின்பரோவின் ஏட்ரியன் பேர்ட் குழுவினர், அம்மரபணுவுக்குப் பூட்டிட்ட சுண்டெலிகளை உருவாக்கினர். அவை நோயுற்றபின் தமொக்சிபென் மருந்தால் பூட்டைத் திறந்தனர். தள்ளாடிய எலிகள் தேறின. மூளைக் கலங்கள் அழியவில்லை, முடங்கியே கிடந்தன என்பது அப்போது புலனாயிற்று. பூட்டை விரைந்து திறந்தபோது சில எலிகள் மாண்டதையும் நாம் மறைக்கலாகாது.

எலியின் பூட்டு ஆய்வாளர் இட்டது. மனிதக் குழந்தைக்கு அத்தகைய திறப்பு இல்லை. 2023 இல் அமெரிக்கா அனுமதித்த மருந்தும் அறிகுறிகளைத் தணிப்பதே. எலிச் செய்தியைக் காட்டி எவரேனும் பணம் கேட்டால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோர் நகையை அடகு வைக்குமுன், கொழும்பு மருத்துவ பீடத்துப் பிறப்புரிமையியல் வல்லுநரிடம் கேட்டறியுமாறு வேண்டுகின்றோம்.