வேகத்துக்கு எல்லை போட்ட கதை

ஊர் உறவுகளே, பாடசாலை வீதிக்கு வேகத்தடை கேட்டால் "இது என்ன புதுக்கதை" என்கிறார்கள். புதிதல்ல. பிரித்தானியாவின் 1903 சட்டம் மணிக்கு 20 மைல் என்றது. ஆபத்தான இடமென்றால் உள்ளூர்ச் சபை விண்ணப்பித்து 10 ஆக்கலாம். 1930இல் கார், மோட்டார் சைக்கிளுக்கு எல்லையே எடுபட்டது. 1935 மார்ச்சில் குடிமனைப் பகுதிக்கு மட்டும் 30 திரும்பியது, கிராமத்து வீதிக்கு இல்லை.

அந்த மே மாதம் டோர்செட் கிராமத்து வீதியில், சைக்கிளில் போன இரு பையன்களுக்காக விலகி விழுந்தார் டி. ஈ. லாரன்ஸ். அரபுப் புரட்சியில் நின்ற அதே ஆள்தான். ஹெல்மெட் இல்லை; ஆறு நாளில் மரணம். அவரைப் பார்த்த வைத்தியர் ஹியூ கெய்ர்ன்ஸ் மோட்டார் சைக்கிள்காரரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் எழுதினார். இராணுவம் கேட்டது. பொதுமக்களுக்குச் சட்டமாக 1973 ஆனது. 32 வருடம்!

பிரதேச சபைக்கான மகஜரை எழுதிவிட்டோம். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வாருங்கள், ஹெல்மெட்டோடு.