வட்டத்தைத் தொடாத கோடு

பள்ளியில் நாம் எல்லோரும் செய்த கணக்குதான். ஒரு வட்டம், ஒரு நேர்கோடு. இரண்டும் சந்திக்கும் புள்ளிகளைக் காண்க. ஒன்றை மற்றொன்றில் பிரதியிட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு மிஞ்சும். வர்க்கமூலத்தினுள் குறை எண் வந்துவிட்டால் 'தீர்வில்லை' என்றெழுதி அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். அந்தத் 'தீர்வில்லை'யின் கதை நீளமானது.

1637இல் லெய்டன் நகரில் வெளியான ரெனே டெகார்த்தின் 'வடிவியல்' நூல் நாம் செய்ததற்கு எதிர்த்திசையில் சென்றது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்காக அவர் வட்டமும் கோடும் வரைந்தார். கோடு வட்டத்தை வெட்டும் இரு புள்ளிகளும் இரு மூலங்களைத் தந்தன. வெட்டவும் இல்லை, தொடவும் இல்லை என்றால்? அச்சமன்பாட்டுக்கு மூலமே இல்லை என்று கூறி அவர் நகர்ந்துவிட்டார். 'கற்பனை' என்ற சொல்லை இத்தகைய மூலங்களுக்குச் சூட்டியதும் இதே நூலின் மூன்றாம் பகுதிதான் என்பது வேடிக்கை. பெயர் கிடைத்தது, இருக்க இடம் கிடைக்கவில்லை.

இடம் தேடித் தந்தவர் ஒரு போர்க்கைதி. நெப்போலியன் படையின் பொறியாளரான பொன்ஸ்லே 1812இல் ரஷ்யாவில் சிறைப்பட்டு, வோல்கா நதிக்கரையின் சரத்தோவ் நகரில் 1814 வரை இருந்தார். கையில் நூல்கள் இல்லை. கற்றதை நினைவிலிருந்தே மீட்டு, அதற்கப்பாலும் சென்றார். வட்டத்தை விட்டு விலகிய கோடும் அதை இரு புள்ளிகளில் சந்திக்கவே செய்கிறது. அப்புள்ளிகள் கற்பனையானவை, அவ்வளவே என்றார்.

சொல்லளவில் நில்லாமல் சோதித்துப் பார்ப்போம். ஆதியை மையமாகவும் 5ஐ ஆரமாகவும் கொண்ட வட்டம்; x + y = 7 என்னும் கோடு. விடைகள் (3, 4), (4, 3). அவற்றின் நடுப்புள்ளி (3.5, 3.5). இப்போது கோட்டை x + y = 10க்கு நகர்த்துவோம். அது வட்டத்தைத் தொடவே தொடாது. 2x² − 20x + 75 = 0 என்ற சமன்பாட்டின் இரு மூலங்களும் கற்பனை கலந்தவை; ஆனால் அவற்றின் கூடுதல் 10. ஆகவே நடுப்புள்ளி (5, 5), மெய்யான புள்ளி! வட்ட மையத்திலிருந்து கோட்டுக்கு இறக்கும் செங்குத்து விழுவதும் சரியாக அங்கேதான். நாண் மறைந்துவிட்டது, அதன் நடு மறையவில்லை.

இந்தத் 'தொடர்ச்சி விதி'யைக் கோஷி ஏற்கவில்லை. வழிகாட்டலாம், நிரூபணம் ஆகாது என்பது அவர் கருத்து. அந்தக் கண்டிப்பில் நியாயமும் இருந்தது. ஆயினும் பொன்ஸ்லே 1822இல் தம் பெருநூலை வெளியிட்டார். சரத்தோவ் குறிப்பேடுகள் அச்சேற 1862 ஆயிற்று. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.