மல்லாட்டையும் பேரனின் ‘தான்சியோனும்’

சென்ற மாதம் என் பதினொரு வயதுப் பேரனுக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்றார் மருத்துவர். வீடே ஆடிப்போயிற்று. என் மனைவி முதல் காரியமாக அவன் கையிலிருந்த உப்புக்கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “இனிமே மல்லாட்டையே கூடாது, அத்தனையும் கொழுப்பு” என்பது அவள் தீர்ப்பு. புதுச்சேரிக்காரன் நான் மல்லாட்டைக்காக வாதாடாமல் இருக்க முடியுமா?

மல்லாட்டை நம் மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாய்வீடு தென் அமெரிக்கா. மணிலாப் பக்கத்திலிருந்து வந்தது என்று எண்ணி நம் முன்னோர் ‘மணிலாக்கொட்டை’ என்றார்கள். அந்தப் பெயர் வாயில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுப் புன்செய்க் காடுகளில் அது பரவியது. விளைந்ததில் பெரும்பங்கு நம் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1866இல் கட்டிய இரும்புப் பாலமும், 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த ரயிலும் அந்த வாணிபத்துக்குக் கைகொடுத்தன. 1952 புயலில் அந்தப் பாலம் விழுந்தபோது நான் கைக்குழந்தை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இதற்கு இரண்டு சொற்கள் கற்பித்தார்கள். செடிக்கும் எண்ணெய்க்கும் ‘அராஷித்’. கொறிக்கும் கொட்டைக்கு ‘கக்கவெத்’. வியாபாரிக்கு ஒரு சொல், பிள்ளைகளுக்கு ஒரு சொல். எங்களுக்குத் தெரிந்தது இரண்டாவதுதான்.

இரத்த அழுத்தத்துக்கும் பிரெஞ்சில் ‘தான்சியோன்’ என்றே பெயர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர்கள் “எனக்குப் பன்னிரண்டு, எட்டு” என்பார்கள். நம் மருத்துவர் 120, 80 என்பதும் அதுதான். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பது நம் கணக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. பாதரசத்தைக் கொண்டு இரத்தக் குழாயின் அழுத்தத்தை அளந்து 1828இல் பாரிசில் ஆய்வேடு எழுதியவர் புவாசேய் என்ற பிரெஞ்சுக்காரர். கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி வெளியிட்டார். அதில் காதுக்குழல் வைத்து ஓசை கேட்கும் வழியை 1905இல் ரஷ்யரான கொரோட்கோவ் கண்டார்.

பிள்ளைகளுக்கு இந்த அளவு அத்தனை எளிதல்ல. பட்டை கையின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் எண் பொய் சொல்லும். பதின்மூன்று வயதுக்குக் கீழ் எல்லோருக்கும் பொதுவான ஒரே எண்ணும் கிடையாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்தே முடிவு செய்வார்கள். அதனால்தான் எங்கள் மருத்துவர், வேறு வேறு நாட்களில் மூன்று முறை அளந்த பிறகே எதுவும் சொல்ல முடியும் என்றார்.

இனி மல்லாட்டையின் வழக்கு. உப்பில்லாத மல்லாட்டை 100 கிராமில் சுமார் 700 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, மக்னீசியமும் உண்டு. சோடியம் 20 மில்லிகிராம் கூட இல்லை. கொழுப்பு நிறைய இருந்தாலும் பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்பு. பொட்டாசியம் உடம்பிலுள்ள சோடியத்தை வெளியேற்ற உதவும். 1997இல் அமெரிக்காவில் பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால், பருப்பு, கொட்டை எல்லாம் சேர்ந்த ‘டாஷ்’ உணவு முறையைப் பெரியவர்களிடம் சோதித்தார்கள். அழுத்தம் இறங்கியது. 2008இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், அழுத்தம் கூடியிருந்த வளரிளம் பிள்ளைகளிடமும் அதே முறை பலன் தந்தது. ஆனால் அது முழுச் சாப்பாட்டின் பலன். அதில் கொட்டையின் பங்கு இவ்வளவு என்று தனியே பிரித்துக் காட்ட முடியாது.

ஆக, குற்றவாளி கொட்டையல்ல, மேலே தூவிய உப்பு என்று மனைவியிடம் வாதாடினேன். “அந்தக் காலத்தில் அவித்துத் தின்றோமே, எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்றும் கேட்டுவைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். “உங்க அம்மா அவிக்கும்போது எத்தனை பிடி உப்பு போட்டாங்க?” என்றாள். உண்மைதான். உப்பு நீரில் அவித்த மல்லாட்டை 100 கிராமில் 700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் ஏறக்கூடும். சில கடைப் பொட்டலங்களை விட அது அதிகம். ‘எங்களுக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்ட நானே பத்து வருடமாக அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிறேன்.

கடைசியில் சமாதானமானோம். சூடான மணலில் தோலோடு வறுத்த மல்லாட்டை, உப்பில்லாமல், ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் குறைப்பு. மாலையில் பந்து விளையாட்டு. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் முழுக்கொட்டை தராதீர்கள், தொண்டையில் சிக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மல்லாட்டை அறவே ஆகாது.

நேற்று கடற்கரையில் ஒரு பொட்டலம் வாங்கி உரித்துக் கொடுத்தேன். “உப்பே இல்லையே தாத்தா” என்றான். நாலைந்து தின்றதும் மறுபடி கை நீட்டினான். மூன்றாவது அளவு அடுத்த வாரம். எண் இறங்கியிருந்தால் மல்லாட்டைக்குப் பட்டம் கட்டமாட்டேன். ஏறியிருந்தால் அதன்மேல் பழியும் போடமாட்டேன்.